கர்ப்பத்தில் மெலடோனின்: நஞ்சுக்கொடியே தயாரிக்கும்போது மாத்திரை எதற்கு?

கேள்வி: திருத்துறைப்பூண்டி வாசகி. ஜனவரி 8, 2025

ஏழாம் மாதம் நடக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். போன் வெளிச்சத்தில் தூக்க ஹார்மோனான மெலடோனின் வற்றிவிடும், பிள்ளைக்குப் போய்ச் சேராது என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். மருந்துக்கடையில் விசாரித்தால் 3 மில்லிகிராம் மாத்திரை இருக்கிறது, உடம்பில் ஊறுகிற பொருள்தானே, போடலாம் என்கிறார்கள். நஞ்சுக்கொடியே மெலடோனின் தயாரிக்கும் என்றும் எங்கேயோ படித்தேன். அப்படியானால் நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? யார் சொல்வது சரி?

ஜனவரி 9, இரவு 9.50

மாத்திரை வேண்டாம். உங்களைப் பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்கு எனக்கு இரவுப் பணி. கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம், சிறுநீர் பார்க்கிற வேலை. டாக்டர் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜனவரி 9, இரவு 11.20

கூட்டம் இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம். உங்கள் நாத்தனார் சொன்னது பாதி சரி. நஞ்சுக்கொடி பற்றி நீங்கள் படித்ததும் சரி. கர்ப்பத்தில் மெலடோனின் இரண்டு இடத்தில் உருவாகிறது. மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி ஒன்று. இருட்டினால்தான் அது வேலையைத் தொடங்கும். நஞ்சுக்கொடி இன்னொன்று. அது இருட்டுக்குக் காத்திருப்பதில்லை.

நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பீனியல் மும்முனை மின்சாரத்தில் ஓடுகிற வயல் மோட்டார். ராத்திரி கரண்ட் விட்டால்தான் தண்ணீர். நஞ்சுக்கொடி வாசலில் இருக்கும் அடிபம்பு.

ஜனவரி 11

நேற்று இரண்டு பேர் "எவ்வளவு இருக்க வேண்டும், டெஸ்ட் எடுக்கலாமா" என்று கேட்டிருந்தீர்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பகலில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 பிகோகிராமுக்கும் கீழேதான் இருக்கும். இரவு இரண்டு, மூன்று மணி வாக்கில் அது பல மடங்கு ஏறி, விடியும்போது இறங்கிவிடும். கர்ப்பத்தில் என்ன ஆகிறது என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். இரவு அளவு 24 வாரத்துக்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது. 32 வாரத்துக்குப் பிறகு நன்றாகவே உயர்ந்து நிற்கிறது. பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு 28 வாரத்துக்கு மேல் ஒற்றைக் கர்ப்பத்தை விட அதிகம். பகல் அளவு மட்டும் கடைசி வரை குறைவாகவே இருக்கிறது.

ஆக ஏழாம் மாதத்தில் உங்கள் உடம்பு தானாகவே கூட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கி மேலே ஊற்ற என்ன அவசரம்?

டெஸ்ட்: தேவையில்லை. இத்தனை வருடத்தில் கர்ப்பிணிக்கு மெலடோனின் பாருங்கள் என்று ஒரு சீட்டுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் நடு ராத்திரியில், விளக்கைப் போடாமல் ரத்தம் எடுக்க வேண்டும். எங்கள் வார்டில் ட்யூப்லைட் போட்டாலே நரம்பு கிடைக்காமல் தடவுகிறோம். ராத்திரிச் சிறுநீரில் அதன் கழிவுப்பொருளை அளக்கும் வழியும் உண்டு. அதெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு.

ஜனவரி 12

"நஞ்சுக்கொடிக்கு எப்படித் தெரியும் மெலடோனின் செய்ய?" என்று கேட்ட தம்பிக்கு.

நாம் சாப்பிடும் பால், முட்டை, பருப்பில் டிரிப்டோபேன் இருக்கிறது. உடம்பு அதை செரோடோனினாக மாற்றும். அதன் பிறகு ஏஏஎன்ஏடி, ஏஎஸ்எம்டி என்று இரண்டு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தால் மெலடோனின். இந்த இரண்டு நொதிகளும் மனித நஞ்சுக்கொடியிலேயே இருக்கின்றன, மெலடோனினை வாங்கிக்கொள்ளும் எம்டி1, எம்டி2 ஏற்பிகளும் அங்கேயே இருக்கின்றன என்று கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். செய்வதும் அங்கே, செலவழிப்பதும் அங்கே.

எதற்குச் செலவு? நஞ்சுக்கொடி சும்மா இருக்கும் சதைத்துண்டு இல்லை. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனும் சத்தும் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பி, கழிவைத் திருப்பி அனுப்பி, ஹார்மோன்களையும் செய்துகொண்டு பத்து மாதமும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. அப்படி உழைக்கும் இடத்தில் செல்லை அரிக்கும் ஆக்சிஜன் கழிவுகள் மிகும். அவற்றைத் துடைப்பதில் மெலடோனின் கெட்டிக்காரி. தானாகவும் துடைக்கும், செல்லுக்குள் இருக்கும் மற்றத் துடைப்பு நொதிகளையும் தட்டி எழுப்பும். ஆக்சிஜன் குறைந்து திணறும்போது நஞ்சுக்கொடியின் மேல்தோல் செல்கள் சாகாமல் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

தூக்க ஹார்மோன் என்று மட்டும் நினைத்தால் இந்தப் பக்கம் கண்ணில் படாது.

ஜனவரி 15

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் இழை எங்கேயோ போயிருக்கிறது. மெலடோனின் தோலை வெளுக்க வைக்குமாமே, மாத்திரை போட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா? குங்குமப்பூ விலை ஏறிவிட்டதா என்ன?

கேள்விக்குப் பின்னால் உண்மைக் கதை ஒன்று இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 1917-ல் மாட்டின் பீனியல் சுரப்பியை அரைத்துத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவற்றின் தோல் வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னர். தோல் நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று தேடி, மூட்டை மூட்டையாக மாட்டுப் பீனியலை அலசி 1958-ல் மெலடோனினைப் பிரித்தெடுத்தார். தவளை வெளுத்தது. மனிதத் தோல் மசியவே இல்லை. அவர் தேடிய மருந்து கிடைக்கவில்லை, உலகத்துக்கு இரவின் ஹார்மோன் கிடைத்தது.

அதனால் தவளை வளர்ப்பவர்கள் மட்டும் முயற்சி செய்யலாம்.

ஜனவரி 18

மயிலாடுதுறை ஆசிரியர் ஐயா கேட்ட கேள்வி இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. "நஞ்சுக்கொடி பகலும் இரவும் செய்கிறது என்கிறீர்கள். பகலில் தாயின் ரத்தத்தில் குறைவாகவே இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அப்போது அது எங்கே போகிறது?"

சரியான கேள்வி. என் அடிபம்பை இன்னும் கொஞ்சம் அடித்துப் பார்க்கிறேன். அடிபம்புத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. வாசல் தெளிக்க, பாத்திரம் கழுவ, அதோடு சரி. நஞ்சுக்கொடியின் மெலடோனினும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே செலவாகிவிடுகிறது. ரத்தத்தில் கலந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போகிற பொருள் அது, கல்லீரல் உடனே உடைத்துவிடும். தேங்கவே தேங்காது.

அப்படியானால் கடைசி மாதங்களில் இரவு அளவு ஏன் ஏறுகிறது, இரட்டைக் கர்ப்பத்தில் ஏன் இன்னும் ஏறுகிறது, பிரசவமானதும் ஏன் சரிகிறது? நஞ்சுக்கொடிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. நஞ்சுக்கொடியில் செய்ததே கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கசிகிறது என்பது ஒரு கட்சி. நஞ்சுக்கொடி ஏதோ சமிக்ஞை அனுப்பித் தாயின் பீனியலை முடுக்குகிறது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. கசிவுதான் காரணம் என்றால் பகலிலும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும்.

9-ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். அப்படி இல்லை. பிள்ளையின் பீனியல் வயிற்றுக்குள் இருக்கும்போது இரவு பகல் தாளத்தோடு சுரப்பதில்லை. பிள்ளைக்கு "இப்போது ராத்திரி" என்று தெரிவிக்கும் தாளம் தாயின் பீனியலிலிருந்துதான் வருகிறது. மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல், உருமாறாமல் கடந்து பிள்ளையின் ரத்தத்துக்குப் போகும். நஞ்சுக்கொடி தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். ராத்திரியை அறிவிக்கும் வேலை அம்மாவுடையது.

ஜனவரி 19

மாத்திரையும் அதே மாதிரி தடையில்லாமல் பிள்ளைக்குப் போய்விடும் என்பதுதான் நேற்றுச் சொன்னதன் மறுபக்கம். பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மாத்திரை போடுகிறீர்கள்.

ஜனவரி 19, மாலை

"வாழைப்பழம், பிஸ்தா, நெல்லிலேயே மெலடோனின் இருக்கிறது, அதைச் சாப்பிடலாமா?" தாராளமாக. உணவில் இருப்பதை நானோகிராமில் அளப்பார்கள். 3 மில்லிகிராம் மாத்திரை என்றால் 30 லட்சம் நானோகிராம். ராத்திரி உடம்பு தானாகச் செய்வதையும் அந்த மாத்திரை பல மடங்கு தாண்டிவிடும். உடம்பில் ஊறுகிற பொருள்தானே என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. இன்சுலினும் உடம்பில் ஊறுவதுதான். பிரிட்டனின் பொது மருத்துவ சேவையும் கர்ப்பிணிகளுக்கு இதை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை.

ஜனவரி 23

ஒரு தங்கச்சி தனிச் செய்தியில் கேட்டது, பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். எட்டாம் மாதம், பிபி 150/100, கை கால் வீக்கம். நஞ்சுக்கொடியில் மெலடோனின் குறைந்ததால்தான் பிபி வந்தது என்று யாரோ காணொளியில் சொல்கிறாராம்.

பிரீ-எக்லாம்ப்சியா என்பது 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போகிற நிலை. சில பேருக்குப் புரதம் இல்லாமலே கல்லீரலோ, சிறுநீரகமோ, ரத்தத் தட்டுகளோ பாதிக்கப்படும். ஆரம்ப மாதங்களில் நஞ்சுக்கொடிக்கான ரத்தக் குழாய்கள் சரியாக அகலாமல் போவதுதான் வேர் என்கிறார்கள். இந்த நோய் கடுமையாக உள்ள பெண்களுக்கு இரவு மெலடோனின் குறைவு என்று முன்பு சொன்ன ஜப்பானிய ஆய்விலேயே இருக்கிறது. அவர்களின் நஞ்சுக்கொடியில் ஏஏஎன்ஏடி நொதியும் குறைந்திருப்பதைக் கியூபெக் குழு பிறகு கண்டது. ஆனால் மெலடோனின் குறைந்ததால் நோயா, நோயால் நஞ்சுக்கொடி நொந்து மெலடோனின் குறைந்ததா? காணொளிக்காரர் முன்னதை உறுதியாக அடித்துச் சொல்கிறார். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

மருந்தாகவும் முயன்றிருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பிரீ-எக்லாம்ப்சியா வந்த 20 பெண்களுக்கு தினமும் 10 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை கொடுத்ததில் பிரசவத்தைச் சராசரியாக ஆறு நாள் தள்ளிப்போட முடிந்தது. குறைமாதத்தில் ஆறு நாள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் 20 பேர், பெரிய ஆஸ்பத்திரி, மணிக்கு மணி கண்காணிப்பு. இதை வைத்துக்கொண்டு மன்னார்குடியில் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது.

தங்கச்சிக்கு: பார்லித் தண்ணீர் குடித்தால் நீர் இறங்கிவிடும் என்று வீட்டில் உட்கார வைப்பார்கள். உட்காராதீர்கள். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரி என்று பார்க்காதீர்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று காட்டும் பட்டையோடு நான் மாடிக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பெண்கள் பலரும் காலையில் நன்றாகத்தான் இருந்தேன் என்பார்கள்.

ஜனவரி 27

கஜா புயலைப் பற்றி ஒருவர் கேட்டது எனக்குப் பிடித்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் டெல்டாவே இருட்டில் கிடந்ததே, அப்போது கர்ப்பிணிகளுக்கு மெலடோனின் கொட்டியிருக்குமே என்கிறார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நான் அப்போது நிறைமாதம், வாய்மேடு பக்கம் அம்மா வீட்டில். சுற்றிலும் தென்னை எல்லாம் படுத்துவிட்டது. கொசு பிடுங்கித் தின்றது, விசிறிமட்டையால் அம்மா வீசிக்கொண்டே இருந்தார். தூக்கம் கிடையாது. போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதனால் ராத்திரி போன் பார்க்கிற பேச்சே இல்லை.

ஆனால் மெலடோனின் கணக்குப்படி அவர் சொன்னது சரி. அது தூக்கத்தால் சுரப்பதில்லை, இருட்டால் சுரப்பது. விழித்துக்கொண்டே இருட்டில் கிடந்தாலும் சுரக்கும். கண்ணை மூடிக்கொண்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் தூங்கினால் குறையும், இமை வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் போகும். சிம்னி விளக்கு ஒளி மங்கலும் மஞ்சளும், அதற்கு மெலடோனின் பெரிதாக அசையாது. அந்த நவம்பரில் என் பீனியல் நன்றாகவே ஓடியிருக்கும். என்னைத் தூங்க மட்டும் வைக்கவில்லை.

திருத்துறைப்பூண்டித் தங்கைக்கு இதில் ஒரு சேதி உண்டு. தூக்கம் வரவில்லையே என்று எழுந்து விளக்கைப் போடாதீர்கள். இடது பக்கம் ஒருக்களித்து இருட்டில் சும்மா படுத்திருந்தாலே போதும்.

பிப்ரவரி 2

தை அறுவடை. வீட்டுக்குப் பின்னால் ராத்திரி ஒரு மணிக்கு மிஷின் இறங்கி வயலையே பகலாக்குகிறதாம், ஜன்னல் வழியாக வெளிச்சம் அடிக்கிறது என்ன செய்ய என்று ஒருவர். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுங்கள். சத்தத்துக்கு என்னிடம் வழி இல்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனையும் முன் அறுத்தாக வேண்டுமே.

எவ்வளவு வெளிச்சம் கெடுக்கும்? கண்ணுக்குள் மெலனாப்சின் என்ற ஒளியுணரும் நிறமி உள்ள செல்கள் நீல வெளிச்சத்துக்குத்தான், 480 நானோமீட்டர் பக்கம், அதிகம் துள்ளும். 2011-ல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், படுக்கும் முன் 200 லக்ஸுக்கும் குறைவான சாதாரண அறை வெளிச்சமே மெலடோனின் சுரக்கும் நேரத்தை 90 நிமிடம் போலக் குறைத்தது. அதனால் நாத்தனார் போனை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கூடத்தில் வெள்ளை எல்இடி ட்யூப் போட்டுக்கொண்டு பதினொரு மணி வரை சீரியல் ஓடுகிறதே, அதுவும் குற்றவாளிதான். யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

நர்ஸ் ஒருவர்: "எனக்கு மாதத்தில் பாதி இரவுப் பணி, கர்ப்பம் பத்து வாரம்." டென்மார்க்கில் பொது மருத்துவமனை ஊழியர்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப் பணி பார்த்தவர்களுக்கு, எட்டாம் வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுதல். மெலடோனின் மட்டுமே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இதை மேற்பார்வையாளரிடம் காட்டிக் கேளுங்கள். நான் முதல் கர்ப்பத்தில் கேட்டேன், அப்போது வேலை பார்த்த இடத்தில் "ஆள் இல்லை" என்றார்கள். தோழிகள் மாற்றிக்கொண்டதால் ஓடியது. கேட்டதற்கு இன்றும் வருத்தமில்லை.

பிப்ரவரி 9

வலி ராத்திரியில்தான் எடுக்கும் என்று பாட்டிகள் சொல்வதற்கும் மெலடோனினுக்கும் தொடர்பு உண்டா? இருக்கலாம். நிறைமாதத்தில் கருப்பைத் தசையில் மெலடோனின் ஏற்பிகள் கூடுகின்றன. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ஹார்மோனோடு மெலடோனின் சேர்ந்தால் தசை இன்னும் பலமாகச் சுருங்குகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்தது. இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரையிலான 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை அலசியதில், தானாக வலி வந்து தானாகப் பிறந்த குழந்தைகள் விடியற்காலை நான்கு மணி பக்கம்தான் அதிகம் பிறந்தன.

நம் ஊரில் இதை நிரூபிக்க முடியுமா என்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதில் எத்தனை ராகுகாலம் பார்த்து, நட்சத்திரம் பார்த்துக் குறித்தவையோ. மெலடோனின் நாலு மணிக்குத் தயாராக நின்றால் ஜோசியர் பத்தரைக்கு என்கிறார்.

பிப்ரவரி 16

பிறந்த பிறகு என்ன என்று கேட்டவர்கள் அதிகம்.

பிள்ளைக்குச் சொந்தத் தாளம் வர ஒன்பது முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நஞ்சுக்கொடி வழியாக வந்த ராத்திரிச் செய்தி தொப்புள்கொடியோடு அறுந்துவிட்டது, தன்னுடையது இன்னும் தொடங்கவில்லை. அதனால் பகலில் தூங்கி ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பது பிள்ளையின் குறும்பும் இல்லை, உங்கள் பால் பற்றாததும் இல்லை. தாய்ப்பாலில் ராத்திரி மெலடோனின் இருக்கும், பகல் பாலில் கிட்டத்தட்ட இருக்காது. இடைக்காலத்துக்கு அதுவே பிள்ளைக்குக் கிடைக்கும் சேதி.

இங்கேதான் பெரியவர்களோடு சண்டை வரும். பச்சைப் பிள்ளை இருக்கிற அறையில் இருட்டு கூடாது என்பார்கள். வேப்பிலை, இரும்புத் துண்டு, விடிய விடிய விளக்கு. வேப்பிலையும் இரும்பும் யாருக்கும் தொந்தரவு இல்லை, இருக்கட்டும். விளக்கை மட்டும் சிவப்பு ஜீரோ வாட்ஸாக மாற்றச் சொல்லி நான் தப்பித்தேன். சிவப்பு வெளிச்சம் மெலடோனினை அவ்வளவாகத் தொடாது, எழுந்து பால் கொடுக்கவும் போதும். வேண்டாதது அண்டாமல் விளக்கும் எரிந்தது, அத்தையும் சமாதானம்.

பிப்ரவரி 17

பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கு: பாட்டிலில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். ராத்திரி எடுத்ததை ராத்திரிக்கு, பகல் எடுத்ததைப் பகலுக்கு. மாறிப்போனால் கொட்டிவிடாதீர்கள், பால் பால்தான்.